“எனக்கு மணி அடிக்கலையே”: கிராமத்துச் சபை ஒன்றில் நடந்த ‘பேய்’ விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுவதற்கு முன்

எங்கள் சேகரத்துக்கு (ஒரே குருவானவரின் கீழ் வருகிற சில சபைகளின் தொகுதி) உட்பட்ட ஒரு சபையில் நடந்தது இது. சேகர கமிட்டியில் இருப்பதால் ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தேன். பக்கத்துச் சேகரங்களில் இதே மாதிரி வரும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் இல்லை, ஆட்கள் பெயர் இல்லை, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊரும் சபையும்

சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டுப் பக்கம். செம்மண், பனை, முருங்கை, கிணறு இருக்கிற இடத்தில் வாழை. ஆண்களில் பாதிப் பேர் சென்னையிலோ மும்பையிலோ கடைகளில் இருப்பார்கள், பண்டிகைக்கும் அசனம் என்கிற சபை விருந்துக்கும் வருவார்கள். சபை பழைய எஸ்.பி.ஜி. மிஷன் சபை, அதாவது இங்கிலாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் மிஷன் சங்கம் ஒன்றைச் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது நாங்களும் சி.எஸ்.ஐ. ஆனோம். ஆனாலும் பெரியவர்கள் இன்றைக்கும் “நாங்க எஸ்.பி.ஜி.” என்றுதான் சொல்வார்கள். ஆராதனை முறையும் அப்படித்தான். அங்கி, மெழுகுவர்த்தி, முழங்கால்படியிட்டு நற்கருணை, லெந்து என்கிற தவக்கால நாட்களில் லித்தானியா என்ற மன்றாட்டு ஜெபம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வருகிற பிள்ளைகள் “புஸ்தகத்தப் பாத்து வாசிக்கிற ஜெபம்” என்று கேலி செய்வது வேறு கதை.

பேய் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சுடலைமாடனும் இசக்கியும் இருக்கிற மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரே கிறிஸ்தவர்களாக மாறிய இடங்களில் பேய்க்கோவிலையே ஜெபவீடாக மாற்றியதாக மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849ல் வெளியிட்ட சிறு நூலில் இங்கேயுள்ள பேய் வழிபாட்டைப் பற்றி நிறைய எழுதினார். அதே நூலில் இங்குள்ள மக்களைத் தாழ்த்தியும் எழுதியதால் பெரிய கோபம் கிளம்பியது. அந்தக் கோபத்தைத் தொடர்ந்து கொண்டுபோன சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857ல் நாசரேத் பக்கம் பிரிந்துபோய்த் தனிச் சபையே தொடங்கினார். ஆக வெளியிலிருந்து வந்து எங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது பேசினால் சுருக்கென்று குத்துகிற ஊர்கள் இவை, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

அகாலமாக, தன் கையால் செத்தவர்கள் அலைவார்கள் என்ற நினைப்பு ஞானஸ்நானம் எடுத்துத் தலைமுறைகள் ஆகியும் போகவில்லை. கோவிலில் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சொல்வார்கள்.

பழைய அடக்கம் ஒன்று

இந்த விவகாரம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஊரில் ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். காரணம் இங்கே தேவையில்லை. அப்போதிருந்த குருவானவரும் அப்போதைய கமிட்டியும் ஊர் வழக்கப்படி செய்தார்கள். துக்க மணி அடிக்கவில்லை, உடலைக் கோவிலுக்குள் கொண்டுபோகவில்லை, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வடக்கு ஓரத்தில், உடைமரத்துப் பக்கம் அடக்கம் பண்ணினார்கள். அங்கி போடாமல் ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு மேலேயே ஒரு குறிப்பு உண்டு: ஞானஸ்நானம் பெறாதவர்கள், சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள், தங்கள் மேல் தாங்களே கைபோட்டுக்கொண்டவர்கள் (தற்கொலை செய்தவர்கள்), இந்த மூன்று வகையினருக்கு இந்த ஆராதனையைப் பயன்படுத்தக் கூடாது. இங்கிலாந்திலேயே இதை நடைமுறையில் எப்போதோ தளர்த்திவிட்டார்கள். சட்டத்திலும் மாற்ற வேண்டும் என்று 2015ல் அங்குள்ள திருச்சபையின் ஆளுகை மன்றமான பொதுச் சினட் வாக்களித்தது. எங்கள் ஊரில் அந்தக் குறிப்பை வாசித்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் குறிப்பு மட்டும் வழக்கமாக இறங்கி உட்கார்ந்துவிட்டது. மிஷனரி கொடுத்ததில் மறந்தது எவ்வளவோ, இது மட்டும் மறக்கவில்லை.

இறந்த பெண்ணின் தாயார் அப்புறமும் கோவிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். கடைசி வரிசைக்கு முந்தின வரிசை, சுவர் ஓரம். ஒரு தடவைகூட யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

என்ன நடந்தது

ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெண்கள் ஐக்கிய சங்க ஜெபம். இருபத்தெட்டு வயது மருமகள் ஒருத்தி, இரண்டு பிள்ளைகள், புருஷன் மும்பையில் மளிகைக் கடையில் வேலை, மாமியாரோடு இருக்கிறாள். ஜெபத்தின் நடுவே விழுந்து, தலைமுடியை அவிழ்த்து, வேறு குரலில் பேச ஆரம்பித்தாள். இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி “நான்தான் வந்திருக்கேன்” என்றாள். “எனக்கு மணி அடிக்கலையே, எனக்கு ஏன் மணி அடிக்கல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பேசியது இறந்த பெண்தான் என்பதற்கு ஊர் சொன்ன ஒரே ஆதாரம் அந்த மணிதான். “இவளுக்கு எப்படித் தெரியும்?” என்றார்கள். ஏன் தெரியாது, ஊருக்கே தெரியுமே. ஊருக்கே தெரிந்து யாரும் வாயைத் திறக்காத ஒன்று, அவள் வாயில் வந்தது. சங்கத்து ஜெபத்துக்கு வந்திருந்த ஒரு பையன் அதைப் போனில் வீடியோ எடுத்து, ராத்திரிக்குள் மும்பையில் இருந்த புருஷன் வரைக்கும் போய்விட்டது.

அதற்கு முந்தைய இரண்டு மாதங்களைப் பற்றி அப்புறம்தான் தெரிந்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளை அடிக்கிறாள், அடித்துவிட்டு அழுகிறாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறாள். வீட்டில் பணப் பிரச்சினையும் இருந்தது. அதையெல்லாம் யாரும் வியாதியாகப் பார்க்கவில்லை. விழுந்து பேசிய பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்கள் குழப்பமானவை. குருவானவர் ஐந்து சபைகளைப் பார்க்கிறவர், அந்த வாரம் ஊரில் இல்லை. மாமியார் பயந்துபோய், யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து ஊரிலிருந்து சுயாதீன ஜெபவீட்டு ஊழியர் ஒருவரை அழைத்தார். அவர் மூன்று நாள் உபவாசம் என்றார், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து. ஏற்கனவே சரியாகச் சாப்பிடாதவள். ராத்திரி முழுக்க ஜெபம், முடியைப் பிடித்துக்கொண்டு “உன் பேர் என்ன, எதுக்கு வந்தே, யாரு அனுப்புனா” என்று கேள்விமேல் கேள்வி. மூன்றாம் ராத்திரி அவள், பேய் சொன்னதாக, இறந்த பெண்ணின் தாயாரின் பெயரைச் சொன்னாள். அந்த அம்மாதான் அனுப்பினார்களாம்.

விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயார் கோவிலுக்கு வரவில்லை. சபை ஊழியர் வீட்டுக்குப் போனபோது அவர் சொன்னது: “உயிரோட இருந்தப்போ ஒரு மணி அடிக்க மாட்டேன்னாங்க, இப்போ செத்தும் எம்பிள்ளையப் பேயாக்கிட்டாங்க, என்னயும் சூனியக்காரி ஆக்கிட்டாங்க.” உயிரோடு இருந்தபோது மணி எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றலாம். அவர் அப்படித்தான் சொன்னார், சபை ஊழியரும் திருத்தவில்லை.

கூடிப் பேசியது

குருவானவர் வந்ததும் அன்றைக்கே உட்கார்ந்தோம். அவர், சபை ஊழியர், ஐக்கிய சங்கத் தலைவி, எங்கள் ஊரில் இருக்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், கமிட்டியில் மூன்று பேர். முதல் கேள்வியை மூத்த கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார், கேட்டவிதம் கொஞ்சம் வழக்கு விசாரணை மாதிரிதான் இருந்தது: “ஐயரே, பேய் இருக்குன்னு நீங்க நம்புறீங்களா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க.”

அந்த இடத்தில் “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்றிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும், அந்தப் பெண்ணும் நேராக ஜெபவீட்டுக்கே போயிருப்பாள். “ஆமா, பேய்தான்” என்றிருந்தால் இறந்த பெண்ணுக்கு முத்திரை குத்தியாகிவிடும். குருவானவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் சரியாகப் படுகிறது. “அண்ணாச்சி, ஞானஸ்நானத்தில நாம எல்லாரும் பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்து விடுறோம்னு சொல்லித்தான் இந்தச் சபைக்குள்ள வந்தோம். பிசாசு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையோ எனக்கு முந்தி இருந்தவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையோ செத்தப்புறம் பிசாசா மாறும்னு வேதத்தில எங்க இருக்கு? அத மட்டும் காட்டுங்க.” பிரசங்கி 9ஆம் அதிகாரத்தில் மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்கிறது, லூக்கா 16ல் ஐசுவரியவான் கெஞ்சியும் மரித்த லாசருவை அவன் சகோதரரிடம் அனுப்பவே அனுப்பவில்லை, இரண்டையும் எடுத்துச் சொன்னார். மூத்தவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது, ஆனால் பேச்சு நகர்ந்தது.

இன்னொருவர் மாற்கு 5ஐ எடுத்தார். ஆண்டவரே “உன் பேர் என்ன” என்று கேட்டாரே, லேகியோன் என்று பதில் வந்ததே, அப்படியானால் பெயர் கேட்பதில் என்ன தப்பு? நியாயமான கேள்விதான். குருவானவர் அதே மாற்குவில் முதல் அதிகாரத்தைத் திறந்தார். ஜெப ஆலயத்தில் கூச்சல் போட்டவனிடம் இயேசு சொன்ன முதல் வார்த்தை பேசாமல் இரு என்பது, 34ஆம் வசனத்தில் பிசாசுகள் பேச அவர் இடங்கொடுக்கவில்லை என்றே இருக்கிறது. லேகியோனிடம் கேட்டது ஒரே கேள்வி, அந்தப் பதிலில் பக்கத்து வீட்டுக்காரி பெயர் எதுவும் வரவில்லை. பேயிடம் பேட்டி எடுக்கிற வேலை அங்கே எங்கேயும் இல்லை.

இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், நீளமாகவே சொல்கிறேன். வந்தது ஆவியா வியாதியா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் காரியம் செய்ய வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாங்களும் கூட்டத்தின் பாதி நேரத்தை அதிலேயே போக்கினோம். ஆனால் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்கவே இல்லை. சாப்பிடாதவளுக்குச் சாப்பாடு, தூங்காதவளுக்குத் தூக்கம், டாக்டர், வீடியோவை நிறுத்துவது, பழி சுமத்தப்பட்ட தாயாரைப் போய்ப் பார்ப்பது, இதில் எதற்கு பேய் உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும்? அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வருகிற பெயர்களை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் விடுவதற்கும் அது தெரிய வேண்டியதில்லை. பேய் என்று நம்புகிறவர்களும் பிசாசைப் பொய்யன், பொய்க்குப் பிதா என்றுதானே யோவான் 8ல் வாசிக்கிறார்கள், அவன் சாட்சி சொன்னால் எப்படி நம்புவது?

எடுத்த முடிவுகள்

ஆஸ்பத்திரி முதலில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நர்ஸ் அக்கா கூடவே போவதாகச் சொன்னார். மாமியார் லேசில் சம்மதிக்கவில்லை, “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனான்னு பேராயிடும், பேத்திக்கு நாளைக்கு யாரு பொண்ணு கேப்பா” என்றார். பேய் பிடித்தவள் என்ற பெயர் மட்டும் பரவாயில்லையா என்று நான் கேட்க நினைத்தேன், நர்ஸ் அக்கா முந்திக்கொண்டு “மொதல்ல ரத்தம் பாக்கணும் மதினி, ரத்தமே இல்லாதவ மாதிரி வெளுத்துப் போயிருக்கா” என்றார். அது வேலை செய்தது.

ஜெபம் நிற்காது, ஆனால் எங்கள் முறைப்படி நடக்கும். பகலில், வீட்டு முன்னறையில், கதவு திறந்திருக்க, கால் மணி நேரம். குருவானவரோடு இரண்டு பெண்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். யாக்கோபு 5ல் சொன்னபடி நெற்றியில் எண்ணெய் பூசலாம், வேறெங்கும் தொடக் கூடாது. அவளுக்கு உபவாசம் கிடையாது. வேறு குரலில் பேசினால் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது, அவள் பெயரைச் சொல்லித்தான் அவளோடு பேச வேண்டும். போன் வெளியே.

இவை நாங்களாகக் கண்டுபிடித்தவை அல்ல. ஆங்கிலிக்கன் பாரம்பரியத்தில் இந்த எச்சரிக்கை ரொம்பப் பழையது. 1549 ஜெபப் புத்தகத்தில் ஞானஸ்நானத்தோடு இருந்த பேயோட்டும் ஜெபம் 1552 பதிப்பில் எடுக்கப்பட்டது. 1590களில் ஜான் டாரெல் என்ற பிரசங்கியார் ஊர் ஊராகப் பேயோட்டிப் பெரிய சர்ச்சையாகி, அதற்குப் பிறகு 1604ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 72ஆவது விதி, பேராயரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் உபவாசத்தாலும் ஜெபத்தாலும் பிசாசு துரத்த முயலக் கூடாது என்றது. 1974ல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் ஆசெட் என்ற ஊரில் ராத்திரி முழுக்கப் பேயோட்டி அனுப்பப்பட்ட மனிதர் வீட்டுக்குப் போய் மனைவியைக் கொன்றார். மறுவருடம் ஆங்கிலிக்கன் பேராயர்கள் வழிகாட்டுதல் கொடுத்தார்கள். மருத்துவத்தோடு சேர்ந்து செய்ய வேண்டும், ஜெபத்துக்கும் திருவிருந்துக்கும் உள்ளே நடக்க வேண்டும், விளம்பரம் கூடாது, பேராயர் அனுமதித்த அனுபவசாலிகளே செய்ய வேண்டும், பிறகும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குருவானவர் இதை இறையியல் கல்லூரியில் படித்திருந்தார். பேராயருக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவிப்பது என்ற முடிவும் அதிலிருந்தே வந்தது.

நம்ம ஊர்ப் பாடமும் உண்டு, அதையும் கூட்டத்தில் ஒருவர் நினைவுபடுத்தினார். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. எங்கள் ஊர்ப் பெண்ணை யாரும் சங்கிலியால் கட்டவில்லை. ஆனால் மூன்றாம் ராத்திரி சேலையால் கையைச் சேர்த்துப் பிடித்திருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

கடைசி முடிவு, இறந்த பெண்ணின் தாயாரைப் பார்ப்பது. குருவானவரும் ஐக்கிய சங்கத் தலைவியும் மட்டும் போனார்கள்.

பின்பு நடந்தவை

ஆஸ்பத்திரியில் ரத்தசோகை இருந்தது, தைராய்டும் குறைவாக இருந்தது. மனநல மருத்துவர் மனச்சோர்வு என்றார், அதோடு தன் நினைவிலிருந்து விலகிப்போகிற நிலையும் என்றார். ஆவேசம் வந்து வேறு ஆளாகப் பேசுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய் வகைப்பாடும் ஒரு தனி நிலையாகவே குறித்திருக்கிறது. சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவதை அது வியாதியில் சேர்ப்பதில்லை, வாழ்க்கையைக் குலைக்கிறபோதுதான் வியாதி என்கிறது. மருத்துவர் ஜெபத்துக்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், பட்டினி போடாதீர்கள், ராத்திரி தூங்க விடுங்கள், இந்த மூன்றை மட்டும் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. நான்காம் வாரம் மாமியார் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஜெபத்தில் சுகமாகிவிட்டது, இனி மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் என்று யாரோ சொன்னார்களாம். மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை குரல் வந்தபோது ஐக்கிய சங்கத் தலைவி பக்கத்தில் இருந்தார். பதில் சொல்லாமல், அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது இந்தத் தடவை பத்து நிமிடத்தில் அடங்கியது. கேட்க ஆளில்லாத இடத்தில் குரல் ரொம்ப நேரம் நிற்பதில்லை என்பது என் அபிப்பிராயம், மருத்துவர் வேறு விளக்கம் சொல்லலாம். அதன்பின் மாத்திரைப் பொறுப்பை நர்ஸ் அக்கா எடுத்துக்கொண்டார். புருஷன் மும்பையிலிருந்து வந்து சில மாதம் ஊரிலேயே இருந்தார், என் கணக்கில் மாத்திரைக்கு அடுத்தபடி உதவியது அதுதான்.

தாயாரைப் பார்க்கப் போனது இன்னும் கடினமாக இருந்தது. முதல் தடவை திண்ணையில் உட்கார வைத்தார், பேசவில்லை. அடுத்த தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டார், தன் மகளை வாசித்து அடக்கம் பண்ணினார்களா இல்லையா என்று. அதாவது புத்தகத்தில் உள்ள அடக்க ஆராதனை வாசிக்கப்பட்டதா என்று. குருவானவர் இல்லை என்று உண்மையைச் சொன்னார். அப்போது நான் இங்கே இல்லை, எனக்கு முந்தியவர்கள் செய்தது என்று ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. சபை செய்தது என்றார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அன்றைக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு பொது ஜெபம் நடக்கும். அந்த வருடம் கமிட்டி தீர்மானம் போட்டு, பதிவேட்டில் உள்ளபடி சபையில் மரித்த எல்லோர் பெயரையும் வருடவாரியாக வாசித்தோம். அந்தப் பெண்ணின் பெயர் அவள் இறந்த வருடத்தில், முன்னும் பின்னும் இருந்த பெயர்களோடு வந்தது. வாசிப்பு முடியும்வரை மணி அடித்தது. அப்புறம் அங்கியோடு குருவானவர் வடக்கு ஓரத்துக்குப் போய், அடக்க ஆராதனையிலிருந்து மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல் என்ற பகுதியை வாசித்தார். தாயார் வந்திருந்தார், அவர் பக்கத்துச் சொந்தம் நிறைய வந்திருந்தது. கமிட்டியில் இரண்டு பேர் வரவில்லை. இதைச் செய்தால் தற்கொலைக்கு வழிவிட்டதாகும் என்பது அவர்கள் வாதம். கையெழுத்தும் போடவில்லை, தீர்மானப் புத்தகத்தில் அதைக் குறித்திருக்கிறோம்.

இதைச் சுகவீனமான பெண்ணுக்கான பரிகாரமாக நாங்கள் செய்யவில்லை. அறிவிப்பில் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை, அவளை அங்கே கூட்டிவரவும் இல்லை. பிரித்து வைக்க எவ்வளவு பார்த்தும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் அவள் நன்றாகத் தேறி, பிள்ளைகளோடு கோவிலுக்கு வர ஆரம்பித்ததும் ஊர் கணக்குப் போட்டுவிட்டது: “மணி அடிச்சதும் போயிட்டு பாத்தியா.” ஆக, மணி அடித்ததால் பேய் போனது என்றால், அதுவரை அந்தப் பிள்ளை பேயாகத்தான் இருந்தாள் என்றாகிறது. தாயாருக்குச் செய்த நியாயமே அவர் மகளைப் பேய் என்று உறுதிப்படுத்தியது மாதிரி ஆனதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். மாமியாரோ ஜெபவீட்டில் போய், அந்த மூன்று நாள் உபவாசத்தால் சுகம் கிடைத்தது என்று சாட்சி சொன்னார். மாத்திரை மூன்றாவதாகக்கூடப் பேச்சில் வரவில்லை.

அந்தப் பெண்ணிடமே நர்ஸ் அக்கா ஒருநாள் கேட்டிருக்கிறார். அவளுக்கு அந்த ராத்திரிகள் சரியாக ஞாபகம் இல்லை. தோழி செத்த அன்றைக்குப் போய்ப் பார்க்க வீட்டில் விடவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றாளாம்.

இனி மாற்றுவது

அடக்கம் சம்பந்தமாக ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். சபையில் யார் எப்படி மரித்தாலும் துக்க மணி உண்டு, கோவிலுக்குள் ஆராதனை உண்டு, இடம் வரிசைப்படி. இது சேகரத்தின் மற்றச் சபைகளுக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம், இரண்டு சபைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

பெயர் வாசிப்பை அந்த நவம்பரிலேயே வைத்திருக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து வைத்திருந்தால் ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்காது என்று நான் சொல்கிறேன். தாயார் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டுமா என்று குருவானவர் கேட்கிறார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது வருடாவருடம் எல்லாப் பெயர்களும் வாசிக்கப்படுகின்றன, அதனால் அது தனிச் சம்பவமாக நிற்காது என்பது ஒரு ஆறுதல்.

ஜெபத்துக்கான முறையை ஒரு பக்கத் தாளாக எழுதி சபை ஊழியர்கள் எல்லோரிடமும் கொடுத்திருக்கிறோம், ஏனென்றால் விஷயம் கைமீறியது குருவானவர் ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான். யாராவது விழுந்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது, யார் யார் அறையில் இருப்பது, எதைக் கேட்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416 கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் எதுவானாலும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. ஆராதனையிலும் ஜெபக்கூட்டத்திலும் யாரையும் வீடியோ எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். பழைய வீடியோவை அந்தப் பையன் அழித்துவிட்டான். மும்பையில் யார் யார் போனில் இன்னும் இருக்கிறதோ.

பிள்ளைகள் முதல் நற்கருணைக்கு முன் படிக்கிற திடப்படுத்தல் வகுப்பில் மரித்தோரைப் பற்றிய விசுவாசம் என்று ஒரு பாடம் கூடுதலாக வைத்தோம். சரீர உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று வாரா வாரம் சொல்கிற பிள்ளைகளிடம் செத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டபோது, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பட்டென்று “உடைமரத்துப் பக்கம்” என்றான். வகுப்பே சிரித்தது. அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறாள், புருஷன் மறுபடி மும்பை போய்விட்டார். இறந்த பெண்ணின் தாயார் ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறார். மாமியாரோடு இன்னும் பேசுவதில்லை, நற்கருணைக்கு இருவரும் ஒரே வரிசையில் முழங்கால்படியிட வேண்டி வந்தால் ஒருவர் அடுத்த வரிசைக்கு நிற்கிறார். பேச வைக்கலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள், தாயார் கேட்காமல் நாமாக அதில் இறங்க வேண்டாம் என்று விட்டிருக்கிறோம்.